மீதிப் பாதி

"அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொன்னவன் நான். எங்கள் தெருவில் எனக்குப் புளுகுத் தாத்தா என்று பெயர். தபால்காரர்கூட அந்தப் பெயரை விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார். ஆனால் என் பொய்களால் இதுவரை ஒரு கொசுவுக்கும் கெடுதல் வந்தது கிடையாது. அன்றைக்கு நர்ஸிடம் நான் சொன்னது உண்மை. நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய உண்மை. அதுதான் அவளைக் கொல்லப் பார்த்தது.

அவள் என்றால் என் மனைவி. சக்கரக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. கண் திறந்திருந்தது. ஆனால் பூட்டிய கடைக்குள் எரிகிற விளக்கு மாதிரி வெளிச்சம் மட்டும் இருந்தது, ஆள் இல்லை. தலைமாட்டில் நின்று மகள் அழுதுகொண்டிருந்தாள். மகளுக்கு டெலிபோனில் புகார் கேட்கிற உத்தியோகம். முகம் தெரியாதவர்கள் நாள் முழுக்கத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் யார் என்ன கத்தினாலும் முகம் மாறாதவள். அவளே அழுகிறாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகையும் இல்லை, பயமும் இல்லை. தரையில் ஒரு பஞ்சு உருண்டை கிடந்தது. கட்டிலை நகர்த்தும்போது சக்கரம் அதன்மேல் ஏறுமா, ஏறாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை. பக்கத்தில் போய்விட்டது.

இந்த மரத்துப்போவது எனக்குப் புதிதல்ல. நான் ஐஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே பெரிய இரும்புத் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை வரிசையாக அதற்குள் இறக்கி வைப்போம். எவ்வளவு குளிரூட்டினாலும் உப்புத் தண்ணீர் உறையாது. டப்பாவுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் பாளமாக இறுகிவிடும். தொட்டியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உப்பு குறைந்தால் தொட்டியே குழாய்களைப் பிடித்துக்கொண்டு உறைய ஆரம்பிக்கும். அந்தத் தொட்டி ஓரத்தில் நின்று வேலை செய்தால் கொஞ்ச நேரத்தில் விரல்கள் நம்முடையவை இல்லை. தகரம் கிழித்தாலும் தெரியாது. பாளத்தின்மேல் சிவப்பாகக் கோடு தெரிந்தால் யாருடைய கை என்று எல்லோரும் அவரவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வோம். வலி அங்கே வராது. வீட்டுக்குப் போய், கை சூடேறிய பிறகு, வாசலில் காத்திருந்த மாதிரி வந்து சேரும்.

ஒருமுறை டப்பாவுக்குள் ஒரு ஈ விழுந்து பாளத்தோடு உறைந்துவிட்டது. அந்தப் பாளத்தை ஒரு கல்யாண வீட்டுக்கு வாங்கிப் போனார்கள். அங்கே உருகியதும் ஈ எழுந்து இறக்கையை உதறி, யாரிடமும் வழி கேட்காமல் நேராக எங்கள் ஃபாக்டரிக்கே திரும்பி வந்து, முதலில் உட்கார்ந்திருந்த அதே ஆணிமேல் உட்கார்ந்தது. இதை நான் யாரிடம் சொன்னாலும் பக்கத்தில் இருந்து அவள் சொல்வாள்: "ஈ உறைஞ்சது நிஜம்தான். திரும்பி வந்ததெல்லாம் இல்ல."

அவள் அப்படித்தான். எங்கள் வீட்டில் எதுவும் பாதியாகாமல் வாய்க்குப் போகாது. வாழைப்பழம் என்றால் நடுவில் ஒடித்து இரண்டு. பிஸ்கட் என்றால் கட்டைவிரலை நடுவில் வைத்து ஒரே அழுத்தில் இரண்டு. டீ ஒரே டம்ளரில் போட்டு இரண்டாக ஆற்றப்படும். பேப்பரின் நடுத்தாள் அவளுக்கு, வெளித்தாள் எனக்கு. அதனால் எந்தச் செய்தியும் எனக்கு எங்கே போய் முடிந்தது என்று தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில்கூடப் பாதிப்பாதி உட்கார்ந்திருக்கிறோம். பொய்யையும் அவள் பாதியாக்கினாள். நான் பத்தடி என்றால் அவள் ஐந்தடி என்பாள். அவள் பாதியாக்குவாள் என்று தெரிந்து நான் இரண்டு மடங்காகச் சொல்வேன். நான் இரண்டு மடங்கு சொல்வேன் என்று தெரிந்து அவள் பாதியாக்குவாள். கேட்கிறவர் காதுக்குப் போய்ச் சேரும்போது அது கிட்டத்தட்ட உண்மையாகவே இருக்கும். எங்கள் குடும்பம் ஊருக்குள் ஓரளவு நல்ல பேரோடு இருந்தது இப்படித்தான்.

போன வருஷம் எனக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். "உடம்புல இருக்கிற அதிகத் தண்ணிய இது எடுத்துடும்" என்றார் அந்த டாக்டர். அவளும் கூட நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் தன் காலைப் பார்த்தாள். கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது. மாத்திரையின் நடுவில் கம்பெனிக்காரனே ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். அதற்குமேல் அவளிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "உங்களுக்கு மட்டும் எதுக்கு முழுசா?" என்று ஒடித்து, பாதியை என் கையில் வைத்து, மீதியைத் தான் போட்டுக்கொண்டாள். உப்பையும் இரண்டு பேருக்குமாகக் குறைத்தாள். வெயில் காலம் என்று தண்ணீரை மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். எங்கள் வீட்டில் பாதியாகாத ஒரே சாமான் அதுதான்.

அடுத்த தடவை போனபோது என் அழுத்தம் இறங்கவில்லை. எப்படி இறங்கும்? டாக்டர் யோசித்துவிட்டு மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். அன்றிலிருந்து எனக்கு அளவாக வந்தது. அழுத்தமும் இறங்கியது. டாக்டருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் மறு பாதி அவள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஃபாக்டரி காவல்காரர் கதையை எடுத்தேன். மத்தியான வெயில் தாங்காமல் அவர் ஒரு பாளத்தின்மேல் சாக்கை விரித்துத் தூங்கிவிட்டார். பாளம் மெல்ல வழுக்கி, வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி, அடுத்த ஊர் சந்தை வரைக்கும் போய்விட்டது. சந்தையில் அவரோடு சேர்த்துப் பாளத்துக்கு விலை கேட்டார்கள். இதைச் சொல்லி முடித்தவுடன் "அடுத்த தெரு வரைக்கும்தான்" என்று அவள் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறாள். அன்றைக்கு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த ஊர் எங்க? கப்பல்ல ஏறியில்ல போனாரு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் என்னைப் பார்த்தாள்.

"கப்பலா?"

"ஆமா. நான்தான் சாப்பாடு கட்டிக் குடுத்தேன். பாவம், பாளம் உருகறதுக்குள்ள கரையேறணுமேன்னு அவருக்குக் கவலை."

நான் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. இத்தனை வருஷம் கழித்து, கடைசியில், என் கட்சிக்கு வந்துவிட்டாள். "சரி, கப்பல்ல எவ்வளவு பேர்?" என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் தயங்கவே இல்லை. "கப்பல் பூரா காவல்காரங்கதான். எல்லாரும் தூங்கறாங்க. யாரு ஓட்டறதுன்னு தெரியல." கொஞ்சம் நிறுத்தி, வாசலைப் பார்த்து, "வந்துட்டாரு பாருங்க. கதவத் திறங்க" என்றாள். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். வெறும் வாசலுக்கு ஒரு வணக்கம் போட்டு, "வாங்க, வாங்க, கடல் எப்படி இருந்துச்சு?" என்றேன். பின்னாலிருந்து அவள், "ஈரக்காலோட உள்ள வராதீங்க, இப்பதான் துடைச்சேன்" என்று அதட்டினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, நீயுமா?" மனைவிக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர், காவல்காரருக்கு ஒரு டம்ளர் என்று வைத்து விளையாட்டை நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

மறுநாள் காலையில் அவள் ஒரு முழு வாழைப்பழத்தைச் சாப்பிட்டாள்.

ஒடிக்கவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. நுனியிலிருந்து அடிவரை, கடைசி வாய்வரை, தானே சாப்பிட்டுத் தோலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் எதிரே கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நேற்றைய கப்பல் விளையாட்டு இல்லை என்று. மகளைக் கூப்பிட்டேன். மகள் வருவதற்குள் அவள் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மிகவும் மெதுவானது. கீழே காய்ச்சலோடு ஏறிய ஒருவர் மேலே போய்ச் சேர்வதற்குள் குணமாகி, அங்கிருந்தே படியில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். இதை நான் லிஃப்டுக்குள் யோசித்தேன், சொல்லவில்லை. மகளும் ஒரு ஆயாவும் இருந்தார்கள். சொல்லியிருந்தால் பாதியாக்க ஆளில்லாமல் அது அப்படியே நின்றிருக்கும்.

வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர். அவருக்கு விடாத தும்மல். ஒவ்வொரு முக்கியமான செய்திக்கும் முன்னால் ஒரு தும்மல் வரும். அதனால் அவர் மூக்கைச் சுருக்கினாலே மகள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள்.

"ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு, தாத்தா" என்றார். "உடம்பு பூரா செல்லுதான். ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன வீடுன்னு வச்சுக்குங்க. சுவரு மெல்லிசு. தண்ணி உள்ள போகும், வெளிய வரும். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணி இழுக்கும். வெளிய இருக்கிற ரத்தத்துல உப்பு குறைஞ்சா, தண்ணியெல்லாம் செல்லுக்குள்ள போயிடும். செல்லு உப்பிப் போயிடும்."

"எல்லா எடத்துலயுமா?" என்றேன்.

"எல்லா எடத்துலயும்தான். கை காலுன்னா கொஞ்சம் தாங்கும். தலைக்குள்ள எடம் ஏது? மண்டையோடு நகர்ந்து குடுக்காதே. அதான் குழப்பம், ஏதேதோ பேச்சு, மயக்கம் எல்லாம்."

"அப்ப உப்பை ஊத்துங்க, டாக்டர்" என்றாள் மகள்.

அவர் தும்மினார். "ஊத்தக் கூடாது. சொட்டுச் சொட்டாத்தான். மூளை செல்லு சாமர்த்தியசாலி, பாருங்க. வீடு கொள்ளாம விருந்தாளி வந்துட்டா நாம என்ன பண்ணுவோம்? கட்டிலு, பீரோவைத் தூக்கி வெளிய போட்டுட்டு எடம் பண்ணிக்குவோம்ல? அந்த மாதிரி உள்ள இருந்த சாமானைக் கொஞ்சம் வெளிய தள்ளிட்டு, இத்தனை நாளா எப்படியோ சமாளிச்சிருக்கு. இப்ப உப்பை வேகமா ஏத்தினா விருந்தாளிங்க மொத்தமா கிளம்பிடுவாங்க. உள்ள சாமானும் இல்ல, ஆளும் இல்ல. வீடு சுருங்கிடும். அப்புறம் பேச்சு, நடை எதுவுமே திரும்பி வராமப் போயிடலாம்."

மகள் மறுபடி அழுதாள். நான் தலையாட்டினேன். ஃபாக்டரியில் மரத்துப்போன கையை யாராவது அவசரப்பட்டு வெந்நீரில் விட்டால், வலியில் அலறுவான்; தோல் கொப்பளித்துப் போகும். அக்குளில் வைத்து மெதுவாகத்தான் சூடாக்க வேண்டும். இதை டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அடுத்த தும்மல் வந்துவிட்டது.

"அதைவிட முக்கியம், ஏன் குறைஞ்சதுன்னு தெரியணும். உடம்பு சும்மா இருக்காது, தாத்தா. உப்பு ஏறினா தாகம் குடுத்துத் தண்ணி குடிக்க வைக்கும், தண்ணி ஏறினா வெளிய அனுப்பும். சூடானா வேர்க்கும், குளிர்ந்தா நடுங்கும். நாம தூங்கினாலும் அது முழிச்சிருந்து எல்லாத்தையும் ஒரே மட்டத்துல வச்சுக்கும். அதையும் மீறி இவ்வளவு இறங்கியிருக்குன்னா, எங்கயோ ஏதோ பிடிச்சு இழுக்குது. நுரையீரல்ல கட்டி இருந்தாக்கூட இப்படி ஆகும். ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

என் உடம்பை நான் கவனித்தேன். அந்த அறையில், அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகும், சரியான நேரத்துக்கு எனக்குப் பசித்தது. மகள் வாங்கி வந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். ருசி தெரிந்தது. நர்ஸ் எனக்கும் ஒரு மரியாதைக்கு நாடி பார்த்து, காய்ச்சல் பார்த்து, "தாத்தாவுக்கு எல்லாம் கரெக்டா இருக்கு" என்றாள். கட்டில்மேல் இருக்கிறவளைப் பற்றி என் உடம்புக்குள்ளே இருக்கிற ஒருவனுக்கும் சொல்லப்படவில்லை போலிருந்தது. அல்லது சொல்லியும் ஷிஃப்ட் முடிகிறவரை எந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். நானும் அப்படி ஓட்டியவன்தான்.

நர்ஸ் கொஞ்சம் வயதானவள், கோபக்காரி. மகள் அவளிடம் ஏதோ சொல்லி வைத்திருந்தாள். ஊசி போட வரும்போதெல்லாம், "என்ன தாத்தா, பெரிய கதைக்காரராமே. ஒண்ணு எடுத்து விடுங்க" என்பாள். பக்கத்துக் கட்டில் பெண்ணும் அவள் புருஷனும் ஆவலாகத் திரும்புவார்கள். நான் வாயைத் திறப்பேன். ஈ நினைவுக்கு வரும், காவல்காரர் நினைவுக்கு வருவார். ஆனால் எவ்வளவு பெரிதாகச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் இருந்தால் எங்கே வெட்டுவாள் என்று தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி வளர்த்துவிடலாம். வெட்ட ஆளில்லாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டால் அது எங்கே போய் நிற்கும்? "இன்னொரு நாள் சொல்றேன்" என்பேன்.

உப்பு ஏறவில்லை. சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. டாக்டர் வந்து ரத்தம் எடுத்து அனுப்புவார், முடிவைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்குவார். "ஏத்தறது எங்கயோ ஒழுகுது" என்றார். ஸ்கேனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அது சரியாகத் தெரியாவிட்டால் ஊசி வைத்து நுரையீரலிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை நர்ஸ் வந்தபோது நான் கட்டிலருகே குனிந்திருந்தேன். அவள் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிரில் வேலை செய்த எனக்கே அந்தப் பிடி சில்லென்று இருந்தது.

"என்ன அது?"

"மாத்திரை."

"யாரோடது?"

"என்னோடது. பிரஷருக்கு."

"உங்களோடத எதுக்கு அவங்க வாய்ல வைக்கிறீங்க?"

"இது அவளோட பாதி" என்றேன்.

நர்ஸ் என் விரலிலிருந்து அந்த அரை நிலாவைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மகள் எழுந்து வந்தாள். நான் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். என்ன நடந்தது என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. காலையில் எழுந்தால் மாத்திரையை ஒடிப்பது. ஒன்றை நான் போட்டுக்கொண்டு, ஒன்றை அவளுக்குக் கொடுப்பது. வீட்டில் அவள் ஒடிப்பாள். இங்கே அவளால் முடியவில்லை, அதனால் நான் ஒடித்தேன். தினமும் ஸ்பூன் தண்ணீரோடு அவளும் விழுங்கிக்கொண்டிருந்தாள். என் கை அதுவாகச் செய்தது. அதை நான் கேட்கவும் இல்லை, அது எனக்குச் சொல்லவும் இல்லை.

"அப்பா" என்றாள் மகள், புகார் கேட்கிற குரலில், மிகவும் பொறுமையாக. "வந்த அன்னைக்கு அம்மா மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களான்னு கேட்டாங்களேப்பா."

"அவளுக்குன்னு எந்த மாத்திரையும் இல்லையேம்மா. இது என்னோடதுதானே."

"பங்கு போட இது என்ன வாழைப்பழமா, தாத்தா?" என்று நர்ஸ் கத்தினாள்.

"வாழைப்பழத்தையும்தான்" என்றேன்.

டாக்டர் ஓடி வந்தார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தும்மல் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், ஆனால் வரவில்லை. "எப்பலேர்ந்து?" என்றார். முதல் அட்டையிலிருந்து என்றேன். "நடுவுல டபுள் பண்ணியிருக்காங்களே?" அதையும்தான் என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் இவங்க நுரையீரலக் குத்திப் பாக்கற வரைக்கும் போயிட்டேன்" என்று தனக்குத்தானே சொன்னார். "மேல நான் உப்பு ஏத்திக்கிட்டே இருக்கேன். கீழ நீங்க குழாயத் திறந்து விட்டுக்கிட்டே இருக்கீங்க." யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில் புருஷன் மட்டும் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். நான் கடைசியில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

நர்ஸ் அந்தப் பாதியைக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு அட்டையிலிருந்து ஒரு முழு மாத்திரையை எடுத்தாள். "பாதி போட்டுட்டேன்" என்றேன். "நாளைலேர்ந்து எவ்வளவுன்னு டாக்டர் சொல்லுவாரு. அதை என் கண்ணு முன்னாடி முழுங்கணும்" என்று, திரும்ப அட்டைக்குள் வைக்க முடியாத அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஸ்கேனை நிறுத்திவிட்டார்கள். இப்போது பயம் திரும்பி நின்றுகொண்டது. மாத்திரை நின்றதும் உடம்பு தானாகத் தேறி, தேங்கின தண்ணீரை மளமளவென்று வெளியே தள்ள ஆரம்பிக்குமாம். அப்போது உப்பு தானாகவே வேகமாக ஏறிவிடுமாம். இதுவரை ஏறவில்லையே என்று கவலைப்பட்ட டாக்டர், இனி ஏறிவிடுமே என்று கவலைப்பட்டார். கட்டிலுக்கு மேலே தொங்கிய பாட்டிலையும் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையையும் மாறி மாறிப் பார்த்து, சொட்டைக் குறைத்தார். ஒருமுறை உப்பை நிறுத்தி வெறும் தண்ணீரை ஏற்றச் சொன்னார். நானும் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த வேலையாக இருந்தது. நடுவில் அவள் கிடந்தாள். அந்த மெல்லிசுச் சுவர்களுக்குள் விருந்தாளிகள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்புவதையும், வெளியே கிடக்கிற கட்டிலையும் பீரோவையும் யாரோ பழைய இடத்தில் திரும்ப வைக்கப் பார்ப்பதையும் நினைத்துக்கொண்டேன். எது எங்கே இருந்தது என்று வைக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

"உப்பு சரியாயிடும், தாத்தா" என்றார் டாக்டர். "பழைய மாதிரி பேச்சு, நினைவு எல்லாம் திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது. காத்திருந்துதான் பாக்கணும்."

மறுநாள் காலை நர்ஸ் கண் முன்னாலேயே என் மாத்திரையை முழுதாக விழுங்கினேன். டாக்டர் எனக்கு இரண்டு மடங்காக்குவதற்கு முந்தின பழைய அளவையே எழுதிக் கொடுத்திருந்தார். வயிற்றில் போய் விழுந்த அளவு என்னவோ வழக்கமானதுதான். ஆனால் ஒடிக்காமல் தொண்டையில் இறங்கியபோது, யாருடைய பங்கையோ எடுத்துத் தின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

உப்பு மெல்ல ஏறியது. டாக்டருக்குத் தும்மல்கூடக் குறைந்திருந்தது. அவள் கண்ணுக்குள் விளக்குக்குப் பக்கத்தில் யாரோ நடமாடத் தொடங்கியிருந்தார்கள். மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மூன்றையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தார்கள். "அம்மா, நான் யாரு?" என்று மகள் கேட்டாள். அவள் யோசித்தாள். பதில் எங்கோ வைத்த சாவி மாதிரி அவளுக்குக் கையில் தட்டுப்படவில்லை. மகள் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

நர்ஸ் டீயும் ஒரு பிஸ்கட்டும் கொண்டுவந்து, பிஸ்கட்டை அவள் கையில் வைத்தாள். "கதைக்காரரே, சும்மா உக்காந்திருக்கிறதுக்கு அவங்ககிட்டயாவது பேசுங்க. குரல் கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் போர்வையை மாற்றப் போனாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உன்னைக் கொண்டு வந்த வண்டி இருக்கே" என்றேன். "அது என்னா வேகம்ங்கற! ரோட்டுல வச்ச வேகத்தடையெல்லாம் பயந்து படுத்துடுச்சு. வழியில ஒரு சிக்னலு, சிவப்பா இருந்தது, நம்மளப் பாத்து வெளுத்துப் போச்சு. இங்க வந்து நின்னப்புறம்தான் நம்ம சைரன் சத்தம் பின்னாலயே வந்து சேந்துச்சு. உள்ள எத்தனை டாக்டருங்க தெரியுமா உனக்காக? நாப்பது பேரு."

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்தாள். நர்ஸ் போர்வையை உதறுவதை நிறுத்தினாள். நான் நிறுத்திக்கொண்டேன். வழக்கமாக நிறுத்துகிற இடம் அதுதான். அங்கே நிறுத்தினால் பக்கத்திலிருந்து சத்தம் வரும்; அதற்காக விட்டுவைக்கிற இடைவெளி. இத்தனை வருஷமாக அது எவ்வளவு நீளம் என்று நான் கவனித்ததில்லை.

அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள், அது எப்போது வந்தது என்பது போல. அதைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றது. இன்னொரு கையும் மெல்ல எழுந்து வந்து, ஊசிக் குழாயை இழுத்துக்கொண்டு, பிஸ்கட்டின் மறு ஓரத்தைப் பிடித்தது. கட்டைவிரல் இரண்டும் அதன்மேல் ஊர்ந்தன. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஓரத்திலிருந்து பொடி உதிர்ந்து போர்வைமேல் விழுந்தது. நடு எங்கே என்று அவை தேடிக்கொண்டிருந்தன.

என் விரல் நுனியில் சுருக்கென்று எதுவோ குத்தியது. உள்ளங்கையை விரித்து, மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டேன். மேலே பாட்டிலில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.